வாசித்துக் காட்டாத கடைசிப் பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை, எல்லா எழுத்தும் என்னுடையதுதான். வரி மேலே ஏறிப் போனால் சிரிக்காதே. மாலை வகுப்பில் நான் முதல் பெஞ்சு. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, சுவரொட்டி, எதையும் விடுவதில்லை. உன் அம்மா, "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் படிங்களேன்" என்கிறாள்.

ஒரு முழுப் புத்தகமே முடித்துவிட்டேன், தெரியுமா? டீச்சர் கொடுத்தது. செத்தவர்களின் உடம்பைச் சேர்த்து ஒரு படிப்பாளி உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும் பயந்து ஓடிவிடுகிறான். அட்டையில் இருப்பது பூதத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன். பாதிக்கு மேல்தான் புரிந்தது, அது செய்தவனின் பெயர். பூதத்துக்கு அவன் பெயரே வைக்கவில்லை. எந்தக் காலத்துக் கதையோ, நேற்று எழுதியது போல இருக்கிறது.

அதை எதிர்வீட்டுத் தையல்காரருக்கு ஆஸ்பத்திரியில் வாசித்துக் காட்டுகிறேன். நீ அவர் எலும்பில் திருகி வைத்த இரும்புக் கால் அப்படியே இருக்கிறது. அன்று சீழைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாயே, அது இப்போது தொடைவரை ஏறிவிட்டது. கால் செய்து விற்ற உங்கள் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. "செஞ்சவங்க வந்தா பதமா கழட்டலாம். இல்லேன்னா தொடையோட எடுக்கணும்" என்கிறார் டாக்டர். இந்த மாதம்வரைதான் காத்திருப்பாராம். கட்டிலில் தொங்கும் சீட்டையும் படித்தேன். அவர் பெயர் இல்லை, கம்பெனி போட்ட எண்தான் இருக்கிறது.

தையல்காரர் சிரிக்கிறார். "பேய்க்கதைன்னு சொல்லி என் கதையவே படிக்கிறீங்களே பெரியப்பா! அந்தப் பூதம் ஜோடி கேட்டுச்சு. நான் தங்கச்சிய ஒரு போன் பண்ணச் சொல்லித்தானே கேக்குறேன்?" என்றார். பிறகு, "தங்கச்சி மேல கோவம் இல்லேன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னார். அதையும் எழுத வேண்டும் அல்லவா?

கால் கெட்டது உன் தப்பு என்று சொல்லவில்லை, அம்மா. அந்தப் படிப்பாளி செய்து பார்த்ததையும் நான் குறை சொல்லமாட்டேன். ஓடினானே, அந்தப் பக்கத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

போனை எடுக்கமாட்டாய். இதையாவது பிரித்துப் பார்ப்பாய்.

பூதம் தனியாகச் சாகப் போகிற கடைசிப் பக்கத்தை இன்னும் அவருக்கு வாசிக்கவில்லை. கண் வலிக்கிறது என்று பொய் சொல்லி மூடி வைத்திருக்கிறேன். தினமும், "பூதம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே. வரும்போது கருவிப் பெட்டியை மறந்துவிடாதே.

உன் அப்பா