விழாத நிலாக்காரர்

அண்ணே,

இன்றைக்குக் காலையில் மார்க்கெட் இரும்புக் கேட்டுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். மீன் வாடைக்கு மேலே ஏறி அந்த வாசனை என் கூடை வரைக்கும் வந்தது. ஏணியில் நின்றவன் வேறு ஆள். மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க அவனுக்குத் தெரியவில்லை, சட்டையெல்லாம் சொட்டு. நான் மீனை அறுக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கூடைத் தனம் என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணலாகத்தான் வரும். ஞாபகம் கோணாது.

உங்களை முதலில் பார்த்தது, ரஷ்யாக்காரன் வானத்தில் உருண்டை விட்ட வருசம். ஊரே மேலே பார்த்துக்கொண்டு திரிந்தது. நாடகக் கொட்டகை முதலாளி அதைக் கண்டு, ராஜா கதையை நிறுத்திவிட்டு நிலாக் கதை போட்டார். நிலாவிலிருந்து ஒருத்தர் தவறி நம் கடற்கரையில் விழுகிறார். ஒரு பெண் அவருக்குச் சோறு போட்டு ஒளித்து வைக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற ராஜபார்ட்டு சந்தேகப்பட்டு, கடைசியில் அவரைப் பாறை மேல் நிறுத்திச் சுட்டுவிடுகிறார். நிலாக்காரர் கடலில் விழுந்து சாவார். ஜனம் கை தட்டும்.

நிலாக்காரர் நீங்கள். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிச் செய்த உடம்பு, தகரத் தலை, மேலெல்லாம் வெள்ளிப் பெயிண்ட். பேச்சே கிடையாது. "உன் வீடு எங்கே?" என்று அந்தப் பெண் கேட்டால், நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையை விரித்து மேலே காட்டுவீர்கள். அந்தக் கைக்காகத்தான் எங்கள் குப்பத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆட்டத்துக்கு வந்தோம். ராஜபார்ட்டு பாடும்போது வெற்றிலை மடிப்போம். நீங்கள் வந்தால் மென்றுகொண்டிருக்கிற வாயும் நின்றுவிடும்.

ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்ததும் தனமும் நானும் வறுத்த மீனை இலையில் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் வந்தோம். தகரத் தலையைக் கழற்றினீர்கள். உள்ளே முன் வழுக்கையோடு ஓர் ஒல்லி ஆள், வேர்த்து ஊற்ற நின்றார்.

"இவரா? நான் பனமரமாட்டம் இருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள் தனம்.

"தகரம் பனமரந்தாம்மா. உள்ள இருக்கறது நொங்கு" என்றீர்கள்.

சிரித்து ஓய்ந்ததும் நான் கேட்டேன்.

"ஏண்ணே, நிலாக்காரரு எதுக்குச் சாவணும்?"

"கதை அப்பிடி."

"கதைய எழுதுனது யாரு?"

"மொதலாளி."

"அவரு ஊட்ல யாராச்சும் கடலுக்குப் போயிருக்காங்களா?"

நீங்கள் வாய்க்குக் கொண்டுபோன மீன் அப்படியே நின்றது. தனம்தான் சொன்னாள்: "இவ ஊட்டுக்காரரு கட்டுமரத்துல போனவரு. ரெண்டு வருசமாச்சு, ஒடம்புகூடக் கெடைக்கல. தாலியக் கழட்டுன்னு சொந்தக்காரங்க மல்லுக்கு நிக்கிறாங்க. இவ மாட்டேங்கறா."

"கடலு திருப்பிக் குடுக்காத ஆளுக்கு நான் எதக் கண்டு கழட்றது?" என்றேன். "வாராவாரம் நீங்களும் அதே கடல்ல உழறீங்க. யாராச்சும் ஒருத்தரு ஊட்டுக்குப் போய்ச் சேந்தா என்னவாம்?"

நீங்கள் மீனைத் தின்று முடித்து, முள்ளை இலையில் மடித்து வைத்தீர்கள். எனக்குக் கோபம்தான்.

அடுத்த ஞாயிறு பாறை மேல் நின்றீர்கள். கீழே இரண்டு பேர் நீலத் துணியை ஆட்டிக் கடல் காட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜபார்ட்டு துப்பாக்கியை நீட்டினார். வெடித்தது. நீங்கள் விழவில்லை. மறுபடியும் நீட்டினார், மறுபடியும் வெடித்தது. நிற்கிறீர்கள். "டேய், உழுடா" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. துணிக்காரர்கள் கடலை ஆட்ட மறந்துவிட்டார்கள்.

நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். கையை விரித்து மேலே காட்டினீர்கள். அட்டைப் பாறையை விட்டிறங்கி, மேடைப் படியிறங்கி, பெண்கள் பக்கமாக நடந்து வந்தீர்கள். தகரம் கடகடவென்றது. யாரும் கை தட்டவில்லை. எழுந்து நின்று வழி விட்டோம். கொட்டகையை விட்டு வெளியே போய், தெருவைத் தாண்டி, மணலில் இறங்கி, அந்தி வெளிச்சத்தில் நடந்தபடியே மறைந்தீர்கள்.

அன்றோடு உங்கள் வேஷம் போயிற்று. "அவன் இருந்தா நான் இல்ல" என்று ராஜபார்ட்டு முதலாளியிடம் நின்றாராம். அந்தத் தகரத்துக்குள் வேறு ஒருத்தனைப் போட்டார்கள். அவன் முதல் வெடிக்கே பொத்தென்று விழுந்தான். பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து வெளியே வந்துவிட்டோம். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

ராஜபார்ட்டு இன்னமும் என் கூடைக்கு வருகிறார். வஞ்சிரம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். "வித்துப் போச்சு" என்பேன். "இதோ இருக்கே" என்பார். "அது மீனு இல்ல" என்பேன்.

நீங்கள் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் போனீர்கள். எந்தத் தெருவில் ஏணி மேல் கண்டாலும் நாங்கள் கூடையோடு நிற்போம். பிரஷ்ஷைப் பல்லில் கவ்விக்கொண்டு, நெஞ்சில் தட்டிக் கையை விரிப்பீர்கள். "வேஷம் போச்சேன்னு வருத்தமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "அத்தன வாரம் விழுந்தேன், ஒருத்தரும் எழுந்திரிக்கல. விழாத அன்னிக்குத்தாம்மா நீங்கள்லாம் எழுந்தீங்க" என்றீர்கள்.

போன வருசம் ஒருநாள் ஏணி மேலிருந்தே கூப்பிட்டீர்கள். "யம்மா, ரேடியோவுல கேட்டியா? ரஷ்யாக்காரன் ஒருத்தன் வானத்துக்கு மேல போயிட்டு ஊட்டுக்குத் திரும்பிட்டானாம்." கூடப் பிறந்தவன் வந்து சேர்ந்தது போல உங்கள் முகம் இருந்தது.

காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். நாங்கள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது பாடை கட்டியாகிவிட்டது. தனம் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. தூக்கிக்கொண்டு போகையில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் அல்லவா, அங்கே நின்று நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டிக் கையை விரித்தேன். தனம் விரித்தாள். பின்னால் நின்ற குப்பத்துப் பெண்கள் எல்லாரும் விரித்தார்கள். மாலையோடு வந்திருந்த ராஜபார்ட்டின் கையும் மெள்ள எழுந்தது. நான் பார்க்காத மாதிரி நின்றேன். வஞ்சிரம் கிடையாதுதான்.

உங்களிடம் சொல்லாத சேதி ஒன்று உண்டு அண்ணே. நீங்கள் மணலில் மறைந்த அந்தச் சாயங்காலம், தனத்தை அனுப்பிவிட்டு நான் அலையோரம் போனேன். யார் சொல்லியும் கழற்றாத தாலியை நானே கழற்றி அலையில் விட்டேன். என் வீட்டுக்காரரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இருந்தது. அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மகள் வயிற்றுப் பேத்திக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. "தாத்தா எங்க, ஆயா?" என்கிறாள். நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையை விரித்து மேலே காட்டுகிறேன். மீன் அறுத்த கை, செதில் ஒட்டி வெள்ளியாய் மினுங்குகிறது. அவள் அதையே பார்த்துவிட்டு, தன் நெஞ்சில் தட்டிக் கையை விரிக்கிறாள்.