ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். அவளுடைய முழங்கால் வலி வழக்கம்போல் மழைக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அங்கே நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. விடுமுறைக்கு வரும்போது ஒரு நாள் காலையில் சைக்கிளில் சுற்றி வர ஒரு பாதை வேண்டும், கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், மேடு பள்ளம் இருக்கலாம் ஆனால் உயிரை எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். கடைசி வரியில், பாதை நன்றாக இருந்தால் அவரும் வருவார் என்று நினைக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் உன் அத்தை என்னை நாலு தடவை படிக்கச் சொன்னாள். நம் பையன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளோடு போனில் பேசுகிறான். ஆனால் எட்டு வருடமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. உங்கள் கல்யாணத்துக்குக்கூட நாங்கள்தான் அங்கே வந்தோம். ஒரு பாதைக்காக வருவானா என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் இருபத்தொன்பது வருடம் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டியவனிடம் பாதை கேட்டிருக்கிறாய். சரியான ஆளைத்தான் பிடித்தாய்.

இதோ பாதை. வீட்டிலிருந்து தானியக் கிடங்கு, ஆற்றுப் பாலம், பெரிய ரோடு, தண்ணீர்த் தொட்டி, மாட்டு ஆஸ்பத்திரி, பால் பண்ணை, பள்ளிக்கூடம், மறுபடி வீடு. மொத்தம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். இதில் எங்கேயும் நான் மூன்றாம் கியருக்குக் கீழே இறக்கியதில்லை. ஆகவே மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நிறுத்தங்களையும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம்.

இதை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "பஸ்ஸுக்கு மேடு இல்ல, சரி. அந்தப் பொண்ணு என்ன டீசல் ஊத்திக்கிட்டா வரப்போகுது? ஒரு தடவை மிதிச்சுப் பாத்துட்டு எழுதுங்க" என்றாள். அவள் சொன்னால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மருந்துக்கடைக்காரரிடம் கியர் வைத்த சைக்கிள் ஒன்று சும்மா நிற்கிறது. கேட்டிருக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா

*

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதில் பாலமும் பள்ளிக்கூடமும் இருக்கும் இடம்தான் சரி. மற்றதெல்லாம் சுத்தப் பொய்.

நாற்பது வருடம் கழித்து சைக்கிள் ஏறினேன். மூன்று நாள் காலை, மூன்று துண்டாகப் பிரித்துப் போனேன். முதல் நாள் தண்ணீர்த் தொட்டிக்கும் மாட்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் மூன்று முறை இறங்கித் தள்ளினேன். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மேடு இருக்கிறது. இருபத்தொன்பது வருடமாக அது எனக்குத் தெரியாது. பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை சைக்கிளின் நடுக் கம்பியோடு நீளவாக்கில் படுக்க வைத்துக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து, மேடு எது பள்ளம் எது என்று நோட்டில் குறித்தேன். நடு மேடுதான் கொடுமை, முக்கால் கிலோமீட்டர். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து படுக்கிறீர்களா என்று கேட்டார். ஆளுக்கும் அங்கே வைத்தியம் உண்டு போலிருக்கிறது.

காற்று என்று ஒன்று இருப்பதும் இப்போதுதான் தெரிந்தது. காலை ஒன்பதுக்கு மேல் அது பால் பண்ணைப் பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கிறது. ஏன் அங்கிருந்து மட்டும் வருகிறது என்று பண்ணைக்காரம்மாவைக் கேட்டேன். மலை இடுக்கைக் கையால் காட்டி, "அந்தச் சந்து வழியா நுழையுதுங்க, எங்க துணியெல்லாம் ஒரே பக்கமாத்தான் காயும்" என்றாள். ஆகவே நான் எழுதியதற்கு நேர் எதிராகச் சுற்றுங்கள். மேடெல்லாம் கால் தெம்பாக இருக்கும்போதே முடிந்துவிடும், திரும்பும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். பள்ளிக்கூடத்து வாசலில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. பண்ணையில் டீ கேட்டால் கொடுப்பார்கள், நாயைப் பற்றிப் பயம் வேண்டாம். பஸ்ஸைக் கண்டால் தலைதெறிக்க ஓடிவரும் அந்த நாய், என்னை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. எனக்கே கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது.

இனி மூன்றாம் நாள். பாலத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஆறு கிலோமீட்டர் பெரிய ரோடு. ஸ்டியரிங்கைப் பிடித்த காலமெல்லாம் நான் சைக்கிள்காரர்களைத் திட்டியிருக்கிறேன். ஓரமாகப் போகாமல் நடுவில் என்ன ஊர்வலம் என்பேன். அந்த ஓரத்தில் போய்ப் பார்த்தேன். ஓரம் என்று ஒன்று இல்லவே இல்லை. தார் பெயர்ந்து, ஜல்லி சிதறி, ஒரு சாண் பள்ளமாக இருக்கிறது. பஸ் டிரைவர் இருக்கையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அப்போது பின்னால் பதினாலாம் நம்பர் வந்தது. நீளமாக ஹாரன் அடித்தான். உரசுகிற மாதிரி கடந்தபோது அந்தக் காற்று என்னை முதலில் உள்ளே இழுத்து, பிறகு வெளியே தள்ளியது. இறங்கி, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி ஏற அரை மணி ஆனது.

அதனால் அந்த ஆறு கிலோமீட்டரைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் வாய்க்கால் கரை ரோடு. இரண்டு பக்கமும் சூரியகாந்தி வயல், பஸ் கிடையாது. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் ஆகிறது, நீ கேட்டதைவிட இரண்டு கூடுதல். பொறுத்துக்கொள்.

அம்மா, அவன் உன்னிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருடம் முன்பு அந்தப் பெரிய ரோட்டில்தான் அவன் விழுந்தான். சைக்கிள் பந்தயத்துக்குப் பழகிக்கொண்டிருந்த நேரம். நான் மதிய டிரிப்பில் வந்துகொண்டிருந்தேன். வளைவிலேயே அவன் முதுகு தெரிந்தது. பெற்ற பிள்ளையின் முதுகு தெரியாமல் இருக்குமா? பந்தயம் பந்தயம் என்று வந்த வேலையையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை பயந்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். கிட்டத்தில் போய் ஹாரனை அழுத்தி, ஒட்டி ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது ஆளைக் காணோம். பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடினேன். தோள் எலும்பு இரண்டு துண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நான்னு தெரிஞ்சுதான் அடிச்சீங்களா?" இல்லப்பா, யாரோ என்று நினைத்தேன் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் சேர்ந்ததும் ஊரை விட்டுப் போனான். டிப்போ விசாரணையிலும் அதையேதான் சொன்னேன். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

நேற்று உன் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். "என்கிட்ட ஏன் சொல்றீங்க? கேட்டவன் அங்க இருக்கான், அவனுக்கு எழுதுங்க" என்றாள். அவனுக்கு எழுதினால் பிரிப்பானோ மாட்டானோ. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. அவன் கேட்டதற்குப் பதில் இதுதான்: தெரிந்துதான் அடித்தேன்.

படித்துவிட்டு அவன் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. நீ மட்டுமாவது வா. அவனும் வந்தால், மருந்துக்கடைக்காரர் இன்னொரு சைக்கிளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அன்று நான் உங்களோடு வரமாட்டேன், வாசலில் இருப்பேன். நீங்கள் ரோட்டில் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராகவே போங்கள். பின்னால் எவன் எத்தனை ஹாரன் அடித்தாலும் ஒதுங்காதீர்கள், அவன் காத்திருக்கட்டும். இரண்டு பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
அவனுடைய அப்பா