சூசையப்பரின் புருவத்தில் ஒரு கோடு

விருத்தாசலம்,
22 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி ஜூடுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. சூசையப்பர் புண்ணியத்தில் நானும் சூளையும் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். நலமாக இல்லாமலா ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருக்கிறாய்? அப்பா அடக்கத்துக்கு நீ வராத அன்றே இனி உன்னோடு போனில் பேசுவதில்லை என்று வைராக்கியம் எடுத்தேன். கடிதம் எழுதக்கூடாது என்று எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிகிறது. எல்லோருக்கும் நம் தூங்கும் சூசையப்பர் பொம்மைதான் வேண்டுமாம். எத்தனையோ பேர் பீங்கானில் செய்து பார்த்துவிட்டார்கள், அந்த முகம் யாருக்கும் வரவில்லை. அப்பா பழைய சாமான் அறையில் கண்டெடுத்த அச்சுதான் இன்றைக்கும் சோறு போடுகிறது. இடது புருவத்தில் விழும் அந்தக் கோடு மட்டும் தீராத தொல்லை. மண் வைத்துப் பூசி மறைத்தாலும், சூளையில் வெந்து வரும்போது பல்லை இளிக்கிறது. அப்படி விலைபோகாத ஒன்றைத்தான் போன வருஷம் உனக்குப் பார்சல் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

வேண்டுதலைச் சீட்டில் எழுதி அவருக்கு அடியில் வைக்கும் பழக்கம் இப்போது ஊரெல்லாம் பரவிவிட்டது. வெளியே போனவர்களை வீடு சேர்ப்பதில் நம்முடையவர் கெட்டிக்காரராம். பெண்ணாடத்து ஆக்னஸ், துபாய் போன மகனுக்காக எழுதி வைத்தாள். மகன் வந்துவிட்டானாம், பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள். கருவேப்பிலங்குறிச்சியில் கோபித்துக்கொண்டு போன ஒரு புருஷன்கூட வந்து சேர்ந்துவிட்டானாம்.

போன மாதம் அப்பாவின் வருஷப் பூசையன்று நானும் அலமாரிப் பொம்மைக்கு அடியில் ஒரு சீட்டு வைத்தேன். ‘என் தம்பி ஜூடு வூட்டுக்கு வரணும்.’ ஊருக்கெல்லாம் காது கொடுக்கிறவர் என் விஷயத்தில் மட்டும் குறட்டை விடுகிறார்.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
ரெஜினா

•

லிங்கன், இங்கிலாந்து,
9 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திட்டு கிடைத்தது. வயிறு நிறைந்தது. ஆனால் இப்போது அதைப் பற்றி எழுத மனசு இல்லை. இங்கே ஒன்று நடந்துவிட்டது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் டாரத்தி என்று ஒரு அம்மா இருக்கிறார்கள். தொண்ணூறு தாண்டியவர்கள். யாரோடும் பேச மாட்டார்கள். மருந்து வைக்கும் மேஜையில் நீ அனுப்பிய சூசையப்பரை வைத்திருந்தேன். அதைப் பார்த்த அந்த அம்மா எழுந்து நடந்து வந்து, அந்தப் புருவக் கோட்டின் மேல் விரலை வைத்து, “ஆல்ஃபி” என்றார்கள்.

ஆல்ஃபி அவர்களுடைய அண்ணன். சின்ன வயதில் ஆப்பிள் மரத்தில் ஏணி சாய்த்து ஏறியிருக்கிறார். விளையாட்டாக ஏணியை ஆட்டியது இந்த அம்மாதான். விழுந்து புருவம் பிளந்துவிட்டது. பிறகு இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் இந்தியாவுக்குப் போனவர் திரும்பவில்லை. வங்கக் கடலில் விழுந்திருக்கலாம் என்று மட்டும் ஒரு தந்தி வந்ததாம்.

பெட்டியிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டினார்கள். பொம்மையைப் பக்கத்தில் வைத்தேன். அக்கா, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே மூக்கு, அதே தாடை, அதே கோடு. அந்த அச்சு அப்பாவுக்கு எப்படி வந்தது? யாரையாவது கேட்டு எழுது. அந்த அம்மா தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் அண்ணன் எங்கே?” என்று கேட்கிறார்கள். சீக்கிரம் எழுது.

உன் தம்பி,
ஜூடு

•

விருத்தாசலம்,
3 நவம்பர் 2025

அன்புத் தம்பி ஜூடுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பாக்கியமேரி அத்தையிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள்.

“அடி பாவி! அது சூசையப்பர் அச்சுன்னு யாரு சொன்னா? உங்கப்பன் செஞ்ச கூத்தா இது? அது வெள்ளாத்து மணல்ல விழுந்த குண்டு பிளேன்ல வந்த வெள்ளக்காரப் புள்ளடி!”

சண்டைக் காலத்தில் ஒரு பிளேன் தீப்பிடித்து ஆற்றில் விழுந்ததாம். உள்ளே இருந்தவர்கள் கரிக்கட்டையாகிவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் தூக்கி எறியப்பட்டு ஈர மணலில், புருவத்துப் பழைய தழும்பைத் தவிர மேலே ஒரு கீறல் இல்லாமல், தூங்குகிற மாதிரி கிடந்திருக்கிறான். கழுத்தில் ஜெபமாலை. நம்ம வேதப் பிள்ளை என்று பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்து நம் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டார். பிறகு வந்த மிலிட்டரி லாரி, கரிந்தவர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பயத்தில் இவனைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கோயில் சிலை, சுரூபம் எல்லாம் செய்கிற நம் தாத்தா, குழியில் இறக்குவதற்கு முன்னால் சுண்ணம் வைத்து அவன் முகத்தை அச்செடுத்திருக்கிறார். “நாளைக்கு யாராவது தேடிக்கிட்டு வந்தா அடையாளம் காட்டணும்ல?” என்று சொன்னாராம். யாரும் வரவில்லை. அப்பா அப்போது பிறக்கவே இல்லை, அவருக்கு இதெல்லாம் தெரியாது. சுரூப அச்சுகளோடு கிடந்ததால் சூசையப்பர் என்று நினைத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன், ஜூடு. எத்தனை வீட்டில் செத்தவன் முகத்துக்கு முன்னால் ஜனம் முழந்தாள் போடுகிறது! எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நாம் பெயர் தெரியாமல் வருஷா வருஷம் மெழுகுவத்தி வைக்கிறோமே, துரை கல்லறை, அதுதான் அவன். அந்த அம்மாவிடம் சொல், உங்கள் அண்ணன் கடலில் இல்லை, மந்திரித்த மண்ணில் இருக்கிறான், வெளிச்சம் இல்லாமல் ஒரு வருஷமும் விட்டதில்லை என்று.

அண்ணனுக்காக ஒருத்தி இத்தனை காலம் காத்திருக்கிறாள். உனக்கு ஏதாவது உறைக்கிறதா?

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
ரெஜினா

•

லிங்கன்,
20 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

டாரத்தி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அழவில்லை. காகிதம் கேட்டார்கள். ‘ஆல்ஃபி, வீட்டுக்கு வா’ என்று எழுதி, நம் ஊர் வழக்கப்படி பொம்மைக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, காலை டீ கொடுக்கப் போனபோது முகமெல்லாம் சிரிப்பு. “வந்துவிட்டான். கால் எல்லாம் ஈரம், கொஞ்சம் துடைத்துவிடு” என்றார்கள். குனிந்து பார்த்தால் கட்டிலைச் சுற்றி மணல். இந்தக் குளிரில், கண்ணாடி ஜன்னல் சாத்திய அறையில் ஏது மணல்? நான் துடைப்பம் எடுத்து வருவதற்குள் அந்த அம்மாவின் உயிர் பிரிந்துவிட்டது. நிம்மதியான முகம். அந்த மணலில் ஒரு சிட்டிகை இத்துடன் மடித்திருக்கிறேன். நீயே பார்த்துச் சொல், நாம் சின்ன வயதில் அளைந்து விளையாடிய மணல்தானே?

இன்னொன்று. அவர்கள் சீட்டை எடுத்துக் கூடவே அடக்கம் செய்யலாம் என்று பொம்மையைத் தூக்கினேன். அடியில் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று உன் கையெழுத்து. ‘என் தம்பி ஜூடு வூட்டுக்கு வரணும்.’ பார்சல் கட்டும்போதே வைத்துவிட்டாயா, கள்ளி? இத்தனை நாள் என் கண்ணில் படவே இல்லையே. படித்ததும் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன்.

டிக்கெட் போட்டுவிட்டேன், அக்கா. டிசம்பர் 18 கிளம்புகிறேன். கிறிஸ்துமஸ் பூசைக்கு உன் பக்கத்தில் நிற்பேன். மீன் குழம்பு வை.

வந்துகொண்டே இருக்கும் தம்பி,
ஜூடு

•

விருத்தாசலம்,
4 டிசம்பர் 2025

ஜூடு,

வராதே.

வைராக்கியத்தை விட்டு நேற்றிலிருந்து போன் போட்டுப் பார்க்கிறேன். ஆப் ஆகி இருப்பதாகவே சொல்கிறது. இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் டிக்கெட்டைக் கிழித்துப் போடு.

உனக்கு அனுப்பிய பொம்மைக்கு அடியில் நான் எதுவும் வைக்கவில்லை, தம்பி. அது போன வருஷம் போன பார்சல். சீட்டு எழுதியது இந்த ஆகஸ்டில், வைத்தது இங்கே நம் அலமாரியில். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் பொம்மையைத் தூக்கினேன். அடியில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மணல் இருந்தது. நீ அனுப்பிய மணலோடு சேர்த்துப் பார்த்தேன், ஒன்றுதான்.

முந்தாநாள் பெண்ணாடத்து ஆக்னஸ் சூளைக்கு வந்தாள். “பையன் வந்துட்டானாமே” என்று சிரித்தபடி கேட்டேன். பொம்மையை என் முன்னால் வைத்தாள். “வந்தான்க்கா. பிளேன்ல ஏறும்போது நல்லாத்தான் இருந்தானாம். மெட்ராஸுல பொட்டியிலதான் எறக்குனாங்க” என்றாள். கருவேப்பிலங்குறிச்சிப் புருஷனையும் விசாரித்தேன். ஆற்றில் பிணமாக ஒதுங்கியவனைத்தான் தூக்கி வந்திருக்கிறார்கள்.

அந்த ஆல்ஃபிக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, ஜூடு. கூப்பிட்டால் கூட்டி வருகிறான். வீடு திரும்ப அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அச்சை உடைத்துவிட்டேன். ஆர்டரெல்லாம் போகட்டும். துண்டுகளைச் சாக்கில் கட்டி, அவனோடு சேர்த்துப் புதைக்கலாம் என்று துரை கல்லறைக்கு எடுத்துப் போனேன். மேடாக இருந்த இடம் உள்வாங்கிக் குழியாகக் கிடக்கிறது. சாக்கை அதில் போட்டு, கையாலேயே மண் தள்ளி மூடினேன். நீ அங்கே இருக்கும் பொம்மையையும் உடை. என் சீட்டைக் கொளுத்திவிடு.

உன் அறையைப் பூட்டிவிட்டேன். மீன் குழம்பு வைக்கமாட்டேன். ஆறு வருஷம் வா, வா என்று எழுதிய வாயில் மண்ணைப் போடு. உனக்கு அக்காவே இல்லை என்று நினைத்துக்கொள். நன்றாகச் சாப்பிடு, குளிருக்குப் போர்த்திக்கொள், ஞாயிறு பூசையை விடாதே, அங்கேயே இரு.

உன் வரவை எதிர்பார்க்காத அக்கா,
ரெஜினா