சமாதானம் இல்லை என்று சொன்னேன்

அக்கா,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். குப்பென்று சிங்கப்பூர்த் தைலத்தின் வாடை. கையில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன். ஓயாத தலைவலியால் உங்கள் நெற்றியிலும் தலையணை உறையிலும் கைப்பையிலும் சதா இருந்த வாடை அது. நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் இல்லை. புதுவயல் பக்கமிருந்து புதிதாகச் சபைக்கு வரும் ஒரு அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கும்மா. ஒரு வாரம் ஜெபம் பண்ணி, ஒங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுறீகளா? ஆண்டவரு ஒங்ககிட்டப் பேசுவாருன்னு எல்லாரும் சொல்றாக."

இந்த வாரம் ஊரில் இருக்கமாட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கடவுள் என்னிடம் பேசுவார் என்று முதலில் நம்பியது நீங்கள்தான். அந்த நம்பிக்கையை நான் என்ன செய்தேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆன பிறகு எழுதுகிறேன்.

சபையில் பழகி, வாடகையைப் பகிர்ந்துகொண்டு மானகிரி மாடி வீட்டுக்கு நாம் குடிவந்த புதிதில் என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பீர்கள். நான் கல்லூரி நூலக வேலையிலிருந்து திரும்பும்போது நீங்கள் ஆஸ்பத்திரி லேபிலிருந்து வந்து சோறு வடித்து வைத்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நான் செய்யும் ஜெபம் இரண்டே வரி. "மூணு தலைமுறைக் கிறிஸ்தவச்சி, அவருக்கே அவசரச் சட்டம் போடுறா பாரு" என்பீர்கள். உங்கள் ஜெபத்தில் குழம்பு ஆறிப்போகும். நாச்சியாபுரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இருபத்தேழு வயதில் யாரிடமும் சொல்லாமல் ஞானஸ்நானம் எடுத்தவர் நீங்கள். விஷயம் தெரிந்தபோது உங்கள் அண்ணன் அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீ எந்தச் சாமிய வேணா கும்புடு தாயி, நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு வராம இருந்துறாத" என்று அழுதாராம். அப்புறம் போனால் விபூதி, போகாவிட்டால் மனத்தாங்கல் என்று, போவது மெல்ல நின்றுபோயிற்று.

உங்களுக்கு ஒரே ஒரு குறைதான். "அவரு பேசுறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குதுடி. எல்லாரும் சாட்சி சொல்றாக, ஆண்டவர் அப்படிச் சொன்னாரு, இப்படிச் சொன்னாருன்னு. நான் முழங்கால் போட்டா ஃபேன் சத்தந்தான் கேக்குது." நான் சிரிப்பேன். எனக்கும் ஃபேன் சத்தம்தான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவளுக்கு ஏதோ தனியாகக் கேட்கும் என்று நீங்கள் நினைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் தேவகோட்டை வாத்தியார் ஒருவர் உங்களைப் பெண் கேட்டார். மனைவியை இழந்தவர், பத்து வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளைக்கு ரத்தம் எடுக்கப் போய்த்தான் பழக்கம். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை உங்கள் கை என்றால் சும்மா நீட்டுமாம். வாத்தியார் போதகரிடம் முறையாகப் பேசினார், போதகர் உங்களிடம் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டீர்கள். முப்பத்தேழு வயதில் உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

உடனே சரி என்றிருக்கலாம். ஆனால் நீங்கள் லேப்காரர். "சந்தேகமான ரிசல்ட்ட ஒரு தடவை மெஷின்ல ஓட்டிட்டுக் கையெழுத்துப் போட முடியுமா? மூணு தடவை ஓட்டணும்" என்பீர்கள். அதே கணக்கில் மூன்று பேரிடம் ஏழு நாள் ஜெபிக்கச் சொன்னீர்கள். போதகர், உபவாசம் இருக்கும் கண்டனூர்ப் பெரியம்மா, அப்புறம் நான். மூன்று பேர் மனதிலும் சமாதானம் இருந்தால் கல்யாணம், ஒருவருக்கு இல்லையென்றாலும் வேண்டாம். ஆண்டவர் சம்மதித்தால் மனது அமைதியாக இருக்கும் என்று, நம் ஆட்கள் பேச்சில் அந்த ஒரு சொல்தானே எல்லாவற்றுக்கும். வீடு வாங்க, வேலை மாற, பெண் கொடுக்க, எதற்கும் சமாதானம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

முதல் நாள் முழங்கால் போட்டேன். நினைவுக்கு வந்ததெல்லாம் மாடி வீடுதான். நீங்கள் தேவகோட்டைக்குப் போய்விட்டால் நான் இங்கே தனியாக இருக்க முடியாது. தம்பி வீட்டுக்குப் போகவேண்டும். அவன் மனைவி எனக்கு ஒதுக்கப்போவது பழைய துணி மூட்டைகள் கிடக்கிற அறை. எனக்கு வந்த வரன்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய் முப்பத்து நான்கு ஆகியிருந்தது. உங்களுக்கு மட்டும் எப்படி என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதையும் இன்று மறைக்கப்போவதில்லை. நெஞ்சு படபடத்தது. எழுந்துவிட்டேன். அடுத்த ஆறு நாளும் நான் ஜெபிக்கவே இல்லை.

மற்ற இருவரும் தங்களுக்குச் சமாதானம் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கேட்டீர்கள். என் முகத்தைப் பார்க்காமல், ஒரு சேலையை உதறிக்கொண்டே கேட்டீர்கள்.

"ஒனக்கு எப்படிடி இருக்கு?"

"எனக்கு என்னமோ சமாதானமா இல்லக்கா."

"ஏழு நாளும் ஜெபம் பண்ணியா?"

"பண்ணுனேன்க்கா."

சேலையின் ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை கொடியில். அந்த முனையையும் கொடியில் போட்டு இழுத்துவிட்டீர்கள். பிறகு "சரிடி" என்றீர்கள். ஏன், எதற்கு என்று என்னைக் குடைந்திருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை. கீழே போய் வாத்தியாருக்குப் போன் செய்து, எனக்குச் சமாதானம் இல்லையாம் என்று சொல்லி மறுத்தீர்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் நீங்கள் சபையில் எழுந்து சாட்சி சொன்னதுதான் என்னைக் கொன்றது. "இத்தனை வருசமா அவரு பேசுறது எனக்குக் கேட்டதில்ல. மொத தடவையாத் தெளிவாச் சொன்னாரு. நான் ஆசைப்பட்டதத்தான் வேண்டாமுன்னாரு. ஆனாலும் எங்கிட்டப் பேசிட்டாருல்ல, அது போதும்." கண்ணீர் வழியச் சிரித்தீர்கள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன், அக்கா. வாய் கூசாமல் சொன்னேன்.

அதன்பின் ஏழு வருடம் ஒன்றாக இருந்தோம். நீங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டு உட்கார்ந்தீர்கள். "என்னையப் பொதைக்கத்தான் வேணும், சொல்லிட்டேன். எரிச்சுப்புட்டா உயிர்த்தெழும்போது சாம்பலப் பொறுக்கிக்கிட்டு நிக்கணும்" என்று கிண்டலடித்தீர்கள். ஒரே ஒருமுறை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் வாத்தியாரைப் பார்த்தோம். அவர் வேறு கல்யாணம் செய்திருந்தார். அந்தப் பிள்ளை உங்கள் தோள் உயரம் வளர்ந்திருந்தது. அதன் கன்னத்தைத் தடவி, புது மனைவியிடமும் நன்றாகப் பேசிவிட்டு வந்தீர்கள். பஸ்ஸில் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடியவர், மானகிரி வரும்வரை திறக்கவில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன்.

லேபில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே விழுந்தீர்கள் என்றார்கள். மூளையில் ரத்தக்கசிவு. மதுரையில் இரண்டு நாள். உங்கள் அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார், உங்களை நாச்சியாபுரத்துக்குக் கொண்டுபோனார். போதகரோடு நாங்கள் இருபது பேர் போனோம். யாரும் எங்களை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். உங்களுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள், நெற்றியில் விபூதி. போதகர் தயங்கித் தயங்கி, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்பது உங்கள் விருப்பம் என்று சொன்னார். அண்ணன் கைகூப்பினார்.

"நீங்க ஒங்க ஜெபத்தச் சொல்லிக்கிருங்கய்யா, நாங்க தடுக்கல. ஆனா எங்க பிள்ளைய நாங்கதான் கொண்டு போவோம். அங்குட்டு அவளுக்குன்னு யாரு இருக்கா? புருசன் இருக்கானா, பிள்ளை இருக்கா? இருந்தா, இந்தாங்கன்னு விட்டுருப்பேன்."

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் கூட்டத்தில் நான் ஒருத்திதான். அவளுக்கென்று ஒரு புருசனும் பிள்ளையும் இருந்திருக்க வேண்டும், கெடுத்தது நான் என்று அங்கே கத்தியிருக்க வேண்டும். காப்பித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு மேளம் அடித்துக்கொண்டு உங்களைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றோம். பொழுது சாயும் நேரம், கண்மாய்க்கு அப்பால் புகை எழும்பியது. இதையெல்லாம் உங்களிடம் சொல்லக்கூடாதுதான். வேறு யாரிடம் சொல்வது?

சபையில் உங்களுக்காக வைத்த ஜெபக்கூட்டத்துக்கு வாத்தியார் வந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இப்பத்தாம்மா வெளங்குது. ரெண்டாந்தடவையும் பொண்டாட்டியப் பறிகொடுக்குறதத் தாங்கமாட்டேன்னு ஆண்டவருக்குத் தெரியும். அதான் அன்னைக்கே ஒங்க மூலமாத் தடுத்தாரு. ஒங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

போதகரும் ஆமோதித்தார். அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பெயர். கடவுள் பேசும் பெண். அறிமுகமில்லாதவர்கள்கூட வாசலில் காத்திருக்கிறார்கள்.

அந்த நன்றியை நான் பிடித்துக்கொண்டிருக்கலாம். சில நாள் பிடித்துக்கொள்ளவும் பார்த்தேன். ஒருவேளை அந்தப் படபடப்பே அவருடைய குரலோ, என் கெட்ட மனதைக் கொண்டே அவர் தன் காரியத்தை நடத்தினாரோ என்று. ஆனால் கூடவே இன்னொன்றும் வருகிறது. அந்த வீட்டுக்குப் போயிருந்தால், உங்கள் தலைவலியைத் தைலத்தோடு விடாமல் வாத்தியார் டாக்டரிடம் இழுத்துப்போயிருப்பார். நான் ஏழு வருடம் தைலம்தான் வாங்கிக் கொடுத்தேன். எது அவர் சித்தம், எது என் சுயநலம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. போதகரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டவர் மன்னிப்பார் என்றார். மன்னிப்பாராக இருக்கும். நான் பொய் சொன்னது அவரிடம் இல்லையே.

இப்போது நான் யாருக்காகவும் ஜெபிப்பதில்லை. எனக்காகவும் இல்லை. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் முழங்கால் போட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன்: ஆண்டவரே, அக்கா அந்த வாத்தியாரைக் கட்டிக்கொள்ளலாமா? கேட்கிறவளுக்குப் பைத்தியம் என்று நீங்களே சிரிப்பீர்கள். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, நீங்கள் சாம்பலாகிவிட்டீர்கள், பதில் வந்தாலும் கொண்டுபோய்ச் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் நீங்கள் என்னிடம் கேட்ட வேலை அது ஒன்றுதான், அக்கா. நான் அதைச் செய்துகொண்டிருக்கிறேன்.