பத்தாவது கெளிறு

07.02.1984, செவ்வாய்

கடைக்கு நைலோன் கயிறு வந்தது. நான் கேட்டது எட்டு மில்லிமீற்றர், கொழும்பு வியாபாரி அனுப்பியது ஆறு. கூடவே கடிதம்: இதுவும் நல்ல கயிறுதானாம். ஆட்டுக்குட்டி கட்டுவதற்கு நல்ல கயிறுதான். ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டுகிறவனுக்கு நான் என்ன சொல்ல?

அந்தக் கோபத்தோடு கடையைப் பூட்டிச் சுருவிலில் இருக்கிற வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி தர ஆளில்லை. தாயும் மகளும் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறார்கள். மகள் மீனலோசனியின் கெளிறு மீன் முட்டை போட்டுவிட்டதாம். கண்ணாடியில் சவ்வரிசி ஒட்டின மாதிரி ஏதோ தெரிந்தது.

இந்தச் சோடிக் கெளிறு அவளுடைய பள்ளிக்கூட ஆய்வுகூட ரீச்சர் கொடுத்தது. சுண்டுவிரல் நீளம், நாலு மீசை, கறிக்கு உதவாத சாதி. தொட்டியின் கண்ணாடியும் அதை ஒட்டின புட்டிப் பசையும் என் கடைச் சரக்கு. எனக்குத் தெரியாமல் போனவை.

11.02.1984, சனி

பொரித்துவிட்டன. முப்பத்துநாலு. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் வாலுள்ள தூசு. தாயும் தகப்பனும் முட்டையைத் தின்னும் என்று அந்தச் சோடியை முன்னமே எனாமல் பேசினுக்கு மாற்றியிருக்கிறாள். மீன் வீட்டிலும் பெற்றோருக்கு நல்ல பெயரில்லை.

பல்கலைக்கழகத்தில், அவள் சொல்கிற கம்பசில், இடம் கிடைத்து அவளுக்குக் கடிதம் வந்து பத்து நாள். கலியாணம் பேசுகிற ஆழ்வாப்பிள்ளை லண்டன் மாப்பிள்ளை ஒன்றைப் பேசி வந்து பன்னிரண்டு நாள். முந்தி வந்த சரக்குக்கே முதலிடம் என்பது என் கட்சி.

"கம்பசில என்ன படிக்கப் போறாய்?"

"விலங்கியல், அப்பா."

"ஆடும் மாடும் எங்கட வளவிலயே நிக்குது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது. "உந்தத் தூசுகளையே உன்னால வளக்க ஏலாது. மார்ச் முப்பத்தொண்டுக்குப் பத்துக் குஞ்சு உயிரோட நிண்டால் நீ கம்பசுக்குப் போ. ஒண்டு குறைஞ்சாலும் வைகாசியில கலியாணம்."

"சரி" என்றாள். அவ்வளவுதான். பேரம் பேசாமல் சம்மதிக்கிற ஆளிடம் எனக்கு எப்போதும் பயம்.

மனைவி யோகம்மா அகப்பையோடு வந்தாள். "பெத்த பிள்ளையின்ர வாழ்க்கையை மீன்குஞ்சில வைச்சுப் பந்தயம் கட்டிற மனுசனை இஞ்சைதான் பாக்கிறன். உங்களுக்கு விசர்."

இருக்கலாம். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். கடலை விற்றுத் தொடங்கியவனுக்கு வேறு முதல் இருக்கவில்லை.

25.02.1984, சனி

இருபத்தெட்டு நிற்கின்றன. அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் பிழிந்து கொடுக்கிறாள். என் வீட்டில் முட்டை தின்கிற உரிமை இப்போது கெளிறுக்குத்தான்.

மீன்காரி செபஸ்தியம்மா வீட்டுக்கு வந்தாள். இவளோடு எனக்குப் பன்னிரண்டு வருஷ வழக்கு. கடை விறாந்தையில் மீன் கடகத்தை இறக்குவாள், நான் எழுப்புவேன். வெயிலுக்குள் போய் இருந்துகொண்டு எனக்குக் கேட்கத்தக்கதாகத் திட்டுவாள். இன்று தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டாள்.

"முதலாளி, உது வளந்து எத்தினை பேருக்குக் காணும்?"

"உது பாக்கிறதுக்கு. தின்னுறதுக்கில்லை."

"பாக்கிற மீனோ? நான் பிறந்ததிலயிருந்து மீனைத்தானே பாக்கிறன், எனக்கு ஒருதரும் தொட்டி கட்டித் தரேல்லை."

ஆனாலும் ஆசைப்பட்டாள். மகள் குளிக்கப் போயிருந்தாள். ஒரு குஞ்சை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுக் கொடுத்து, ஒரு பெரிய திருக்கைத் துண்டு வாங்கினேன். "கிணத்துத் தண்ணி உவர். சாட்டியில அள்ளி வாற நல்ல தண்ணியில மட்டும் வையும்" என்றும் சொல்லிவிட்டேன். சரக்கு விற்றால் பாவிக்கிற விதமும் சொல்ல வேண்டும். தூசுக்குத் திருக்கை! இதைவிட நல்ல வியாபாரம் இந்த வருஷம் நடக்கவில்லை. மகளிடம் ஒன்று செத்ததென்று சொன்னேன்.

01.03.1984, வியாழன்

மீனலோசனிக்குக் கொப்பளிப்பான், அம்மாள் வருத்தம். அறைக்குள் விட்டு வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. அம்மாள் வந்த வீடு, மூன்று கிழமைக்கு மீன் சமைக்கக் கூடாது என்று யோகம்மாவின் கட்டளை. தின்னத்தான் கூடாதாம், வளர்க்கலாமாம். ஆர் வளர்க்கிறது? யோகம்மாவுக்கு நோயாளியைப் பார்க்கிற வேலை. மிச்சம் நான்.

02.03.1984, வெள்ளி

கதவுக்குப் பின்னாலிருந்து உத்தரவுகள் வருகின்றன.

"அப்பா, அடித்தண்ணியை ரியூப்பால இழுங்கோ. மூண்டில ஒரு பங்கு. பேந்து சாட்டித் தண்ணியை மெல்லமா விடுங்கோ."

தண்ணீர் இழுக்க எனக்குச் சொல்லித் தருகிறாள்! முப்பது வருஷம் பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் இழுத்த வாய் இது. ரியூப்பை வாயில் வைத்தேன்.

"மணக்குது, மண்ணெண்ணெய் ரியூப்போ?"

"கழுவினனான்."

"அப்பா! எல்லாம் செத்துப்போம்! கடையில புதுசு எடுங்கோ!"

புது ரியூப்பில் மூன்று அடி வெட்டினேன். கடையில் யாருக்கும் இலவசமாக ஒரு அங்குலம் வெட்டியதில்லை.

06.03.1984, செவ்வாய்

இனி நுளம்புப் புழுவும் வேண்டுமாம். பின்வளவில் வாளியில் தண்ணீர் வைத்து நுளம்பு வளர்க்கிறேன். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் என்ன தொழில் என்று சொல்வது?

11.03.1984, ஞாயிறு

இருபத்துமூன்று.

சாட்டித் தண்ணீர் கொண்டு வருகிற மாட்டுவண்டில் சவிரிமுத்து மூன்று நாளாக வரவில்லை. மாட்டுக்குக் கால் நோவாம். தொட்டித் தண்ணீர் கலங்கிவிட்டது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகின்றன.

உள்ளதை எழுதுகிறேன். இன்று ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். நாளைக்கு நான் வென்றிருப்பேன். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, மாட்டைத்தான் சொல்ல வேண்டும். வைகாசியில் கலியாணம், பிறகு லண்டன். போன ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் சனத்துக்கு நடந்ததைப் பார்த்தபின், பிள்ளை கடல் தாண்டி இருப்பது நல்லதென்று நினைப்பது குற்றமா?

ஆனால் இது தராசுத் தட்டுக்குக் கீழே விரல் வைக்கிற வேலை. அந்த வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் தேத்தண்ணி குடிப்பதில்லை.

சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு சாட்டிக்குப் போனேன். கிணற்றடியில் ஒரு பெண்பிள்ளை, "முதலாளி வீட்டில கலியாணமோ?" என்று கேட்டாள். கலியாணத்தை நிற்பாட்டத்தான் அள்ளுகிறேன் என்று சொல்லவில்லை.

16.03.1984, வெள்ளி

மகளுக்கு முதல் தண்ணீர் வார்த்தார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். முகத்தில் இரண்டு தழும்புதான் நிற்குமாம். கும்பிட்டேன். மீன் தின்னாமல் பதினாறு நாள்.

17.03.1984, சனி

காலையில் தொட்டி மஞ்சளாயிருந்தது. குஞ்சுகள் வெள்ளையாய்க் கிடந்தன.

யோகம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு வஞ்சகமும் இல்லாமல் சொன்னாள்: "பிள்ளைக்கு வார்த்த தண்ணியில கொஞ்சம் மிச்சம் இருந்தது. உதுகளும் அவளின்ர உயிருகள்தானே, அம்மாளின்ர பார்வை படாமல் இருக்கட்டும் எண்டு அதுகளுக்கும் வார்த்தனான்."

மீனுக்குத் தோய வார்த்திருக்கிறாள்! தண்ணீருக்குள்ளேயே இருக்கிற சீவனுக்கு! பந்தயம் கட்டின நாளிலிருந்து மகளின் பக்கம் நின்று என்னைத் திட்டியவளும் இவளேதான். கத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாளியை எடுக்கப் போய்விட்டேன்.

தண்ணீர் முழுவதும் மாற்றினேன். எண்ணினேன். இரண்டாம் தரமும் எண்ணினேன். ஒன்பது.

கதவடியில் போய்ச் சொன்னேன்.

"ஒன்பதெண்டா ஒன்பதுதான், அப்பா. அம்மாவைப் பேசாதேங்கோ. ஆழ்வாப்பிள்ளை மாமாவுக்கு மறுமொழி சொல்லி விடுங்கோ."

அழுது சரக்கைத் திருப்பித் தருகிறவனைச் சமாளிக்கலாம். சண்டைக்கு வருகிறவனையும் சமாளிக்கலாம். இதற்கு என்ன செய்வது? நான் வென்றுவிட்டேன். கடையில் இன்று இரண்டு பேருக்கு மிச்சக் காசு பிழையாகக் கொடுத்தேன்.

24.03.1984, சனி

ஒன்பதும் நிற்கின்றன. இனிச் சாகவும் மாட்டேன் என்கின்றன, பெருகவும் மாட்டேன் என்கின்றன. ஆழ்வாப்பிள்ளை கடைக்கு வந்து, "பெடியன் வைகாசியில வாறான். பட்டத்தைக் கொண்டுபோய் லண்டனில குளிர் காயவோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முப்பத்தோராம் திகதி மறுமொழி என்றேன்.

30.03.1984, வெள்ளி

மதியம் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் செபஸ்தியம்மா வீட்டுக்குப் போனேன். குசினி நிழலில் ஒரு மண்சட்டி. அதற்குள் என் தூசு, இரண்டு மடங்கு கொழுப்போடு உலாவியது. மூடி வேறு செய்து வைத்திருக்கிறாள், பூனைக்காக.

"என்ன முதலாளி, வழி தவறி வந்தனீங்களோ?"

"அந்த மீன் எனக்கு வேணும்."

"ஏன், திருக்கை செமிக்கேல்லையோ?"

வேறு வழியில்லை, கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேரத்துக்கு இருந்தாள். இரண்டு இறாத்தல் சீனி என்றேன். அரிக்கன்லாம்பு என்றேன். தலையை ஆட்டினாள்.

"உங்கட கடை விறாந்தையில கிழக்கு மூலை எனக்கு. நான் சாகும்வரை. ஒருத்தரும் எழுப்பக் கூடாது."

"நாத்தத்துக்கு என்ர சனம் வராது!"

"அப்ப லண்டன் சனத்தை வரச் சொல்லுங்கோ."

இந்தப் பெண்பிள்ளை கடை போட்டிருந்தால் நான் இன்னும் கடலைதான் விற்றுக்கொண்டிருப்பேன். கிழக்கு மூலை போய்விட்டது. நான் விற்ற சரக்கை விற்றதைவிடக் கூடக் கொடுத்துத் திருப்பி வாங்கியது இதுதான் முதல் தடவை. ஹோர்லிக்ஸ் போத்தலைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து, யாரும் காணாமல் தொட்டிக்குள் விட்டேன்.

விரல் வைக்கிறதில்லை என்று எழுதினேன்தானே? எனக்கு எதிராக வைப்பது அந்தக் கணக்கில் சேராது.

31.03.1984, சனி

மீனலோசனி அறையை விட்டு வந்து தொட்டிக்கு முன்னால் இருந்தாள். மெலிந்துவிட்டாள். விரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பத்தில் விரல் நின்றுவிட்டது.

"அப்பா, இது மட்டும் கொழுத்திருக்கு."

"தேப்பன்ர சாயலாய் இருக்கும்."

"ஒன்பது எண்டு சொன்னனீங்கள்."

"எனக்குக் கண் பழுது. கல்லுக்குள்ள நிண்டிருக்கும்."

தொட்டிக்குள் ஒரு கல்லும் இல்லை. அவள் கல்லைத் தேடவில்லை. எழுந்து போய்த் தாயோடு மாவிடித்தாள்.

பின்னேரம் ஆழ்வாப்பிள்ளைக்கு மறுமொழி சொன்னேன். மீனாலே கலியாணம் நின்றதென்று ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும், சிரிக்கிறவர்களும் கயிறு வாங்கத்தான் வேண்டும்.

14.10.1984, ஞாயிறு

மகளின் கடிதம். ஹொஸ்டலில் சோறு வேகவில்லையாம், பக்கத்துக் கட்டில் பிள்ளை குறட்டையாம். ஒரு பக்கம் முழுவதும் மீன்: தண்ணீர் மாற்றினீர்களா, புழு போட்டீர்களா. எனக்கு இருமல் என்று எழுதியிருந்தேன், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடியில் மட்டும்: "பத்தாவது சுகமா? செபஸ்தியம்மாக்காவுக்கு விறாந்தை மூலையில் நிழல் போதுமா என்று கேட்டு எழுதுங்கள்."

கேட்டேன்.

"நிழல் காணும் முதலாளி. சாரல்தான் அடிக்குது" என்றாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. விறாந்தையின் கிழக்குப் பக்கம் இரண்டு தகரம் கூடுதலாக இறக்கினேன்.