கூடாரவல்லி அன்று கொடுத்த ரத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
27.1.2025

அன்புள்ள ஜயா அக்காவுக்கு,

ஹம்ஸா சேவித்து எழுதியது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. தலைமையாசிரியை குரலில் "நாளை விடுமுறை" என்று வகுப்புக் குழுவில் பேசி அனுப்பினேன். பதினோரு பேர் நம்பிவிட்டார்கள். அப்பா என் போனைப் பீரோவில் சிறை வைத்துவிட்டார். அம்மா போனில் பேசினால் அம்மாவின் காதும் கூடவே வரும். அதனால் உங்கள் ஊர் மில்லுக்குப் போகும் பாண்டிசெல்வி அக்காதான் இப்போது என் தபால்துறை. "ஏட்டி, எம்புட்டுப் பசை தடவி ஒட்டியிருக்க, நான் என்ன படிக்கவா போறேன்" என்கிறாள்.

உன் ரத்தத்தில் கொழுப்பு அமிலம் கூடுதல், பின்னால் சர்க்கரை வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து அம்மா அழுதுகொண்டே கீரை ஆய்கிறாள். கொழுப்பு எனக்குத்தான் என்று தெருவே சொல்லும். அது எப்படி உன் ரத்தத்துக்குப் போனது? பால்கோவா ஊர் ஆகாது, பிரசவம்வரை உன்னை இங்கே அனுப்பமாட்டேன் என்கிறாராமே அத்திம்பேர். வளைகாப்பும் அங்கேதானாம்.

விளையாட்டு போதும். ஒன்று கேட்கிறேன். கூடாரவல்லியன்று விடிகாலையில் கோயிலிலிருந்து நான் கொண்டுவந்த அக்காரவடிசிலை இரண்டு தொன்னை சாப்பிட்டாயே, அதன்பிறகுதானே ராஜபாளையம் போய் ரத்தம் கொடுத்தாய்? வெறும் வயிறா என்று நர்ஸ் கேட்டபோது என்ன சொன்னாய்?

உன் வாலில்லாத
ஹம்ஸா

ராஜபாளையம்
28.1.2025

சிரஞ்சீவி ஹம்ஸாவுக்கு ஆசீர்வாதம்.

ஆமாம் என்றுதான் சொன்னேன். காபிகூடக் குடிக்கவில்லையே. பிரசாதத்தை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? நான் தயங்கியபோது, "பெருமாள் கொடுத்தது டாக்டர் கணக்கில் வராது" என்று சட்டம் பேசினது யார்?

அத்திம்பேர் எண்ணெய்ப் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். நெய்யைக் கண்ணால் பார்த்தே பத்து நாளாகிறது. அது போகட்டும். ஒவ்வொரு கவளத்துக்கும், இது குழந்தைக்குக் கெடுதலோ என்று தோன்றுகிறது. பயந்து பாதி வயிறுதான் சாப்பிடுகிறேன். இரண்டு கிலோ குறைந்துவிட்டேன்.

இதை யாரிடமும் சொல்லாதே. பிரசாதத்தின்மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை.

ஜயலக்ஷ்மி

ஸ்ரீவில்லிபுத்தூர்
29.1.2025

அக்காவுக்கு,

இரண்டு கிலோ என்று படித்ததும் என் வாலெல்லாம் சுருண்டுவிட்டது. சொல்லிவிட்டேன்.

பாண்டிசெல்வி அக்காவிடம் போன் கேட்டேன். "செத்த நேரந்தான், சார்ஜ் இல்ல" என்று கொடுத்தாள். நீ இங்கே விட்டுப்போன ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போட்டேன், ஷீனா நர்ஸ் எடுத்தார். யார் குரலிலும் பேசவில்லை, என் குரலில்தான் பேசினேன். அக்கா வேண்டாமென்றாள், நான்தான் வாயில் திணித்தேன் என்றேன்.

நெய் எவ்வளவு என்று கேட்டார். தொன்னை தாங்காத அளவு என்றேன். "நெய்யும் வெல்லமும் தின்ன கையோட எடுத்த ரத்தத்த வச்சு நாங்க என்னத்தம்மா சொல்ல? மறுபடி எடுக்கணும். அதுவர அவியள வயித்துக்கு வஞ்சகம் பண்ணாமச் சாப்பிடச் சொல்லு" என்றார்.

பெருமாள்மேல் பழி இல்லை, என்மேல்தான். கோபப்படு. ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

ஹம்ஸா

ராஜபாளையம்
5.2.2025

என் ஹம்ஸாவுக்கு,

வெள்ளிக்கிழமை நிஜமாகவே வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தேன். அத்திம்பேரும் கூட வந்தார். அவர் எதிரில் உன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று, "தங்கை தட்டிப் பறித்தாள், நான்தான் கேட்காமல் சாப்பிட்டேன்" என்றேன். ஷீனா எழுதுவதை நிறுத்திவிட்டார். "உங்க தங்கச்சி வேற மாதிரில்லா சொன்னா. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்லுதிய?" என்றார். அத்திம்பேர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நேற்று முடிவு வந்தது. கொழுப்பு அமிலம் அளவோடு இருக்கிறது, சர்க்கரையும் சரி. ஆறாம் மாதத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடித்து ஒரு சோதனை பாக்கி உண்டு. அதுவரை இனிப்பைக் குறைத்துத் தினமும் நடக்க வேண்டுமாம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், அத்திம்பேர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வளைகாப்பை உங்காத்திலேயே வெச்சுக்கட்டும்" என்றார் வரும் வழியில்.

நேற்று மத்தியானம் இரண்டாம் தரம் சாதம் கேட்டேன். அவரே எழுந்துவந்து போட்டார். ஒரு கவளத்துக்கும் எதையும் நினைக்காமல் சாப்பிட்டேனடி.

ஜயா