கை நனைந்திருக்கும்போது

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உன் நலம் தெரிய பஸ் டிரைவர் மனசு வைக்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு அவரிடம் ஒரு பழைய போனும் கொடுத்திருக்கிறேன். நாங்கள் செய்துகொண்டிருக்கும் மருத்துவச் செயலி அதில் இருக்கிறது. சிக்னலும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். மருந்து அளவு, காய்ச்சல், விஷக்கடி, பிரசவம் எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும். டாக்டர்கள் வரிவரியாகப் பார்த்துக் கொடுத்தது. ஆபீஸில் ஆஹா ஓஹோ என்கிறார்கள். உன் மாதிரி மலைமேல் தனியாக ஒரு சுகாதார நிலையத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் திட்டினால்தான் எனக்குத் திருப்தி.

இன்னொரு சேதி. நாள் தள்ளிப் போயிருக்கிறது. செப்டம்பர் கடைசி என்கிறார் டாக்டர்.

போன தடவை குழந்தை தங்காமல் போனபோது உன்னால் வர முடியவில்லை. நானும் கூப்பிடவில்லை. இந்தத் தடவை வாய்விட்டுக் கேட்கிறேன். பிரசவத்துக்கு வா அக்கா.

உன் தங்கை


மார்ச் 19

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். உதவி நர்ஸ் எட்டிப் பார்த்து, "சிஸ்டர், வீட்ல ஏதும் கெட்ட சேதியா?" என்கிறாள். அப்படி அழுதிருக்கிறேன். நல்லா இருடி. வேளைக்குச் சாப்பிடு.

திட்டச் சொன்னாயே, கேட்டுக்கொள். திறந்ததும் உங்கள் நிறுவனத்தின் சின்னம் சுற்றிச் சுற்றி வருகிறது. வலிப்பு வந்த குழந்தை அதுவரைக்கும் பொறுத்திருக்குமா? 'அதீத உதிரப்போக்கு' என்று போட்டால்தான் விவரம் வருகிறது. 'ரத்தம் நிக்கல' என்றால் 'முடிவுகள் இல்லை'யாம். யாரம்மா பிரசவ அறையில் செந்தமிழில் கத்துகிறார்கள்? அப்புறம் கை. பிரசவம் பார்க்கும்போது இரண்டு கையும் நனைந்திருக்கும். திரையை எதால் தள்ளுவது, மூக்காலா?

ஆனால் குழந்தையின் எடையைப் போட்டதும் மருந்தளவு வந்து நிற்கிறதே, அதற்கு உனக்கு ஒரு முத்தம். மனக்கணக்கு தப்பிவிடுமோ என்று இத்தனை வருஷமாக எனக்கு உள்ளூர உதறல்தான்.

வருவதைப் பற்றி என்னடி சொல்வேன்? மாற்று ஆள் கிடையாது. உதவி நர்ஸ் கெட்டிக்காரிதான். ஆனால் ஊசி எடுத்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். நான் இல்லையென்றால் அவளுக்குக் கை ஓடாது. ஆசையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கால்தான் இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

சண்டை போடத்தான் எழுத உட்கார்ந்தேன். மூக்கால் தள்ளுவதை நினைத்துச் சிரித்ததில் பாதிக் கோபம் போய்விட்டது.

சின்னத்தைத் தூக்கிவிட்டேன். மேனேஜர் முகம் சுண்டிப் போச்சு, போகட்டும். 'ரத்தம் நிக்கல', 'மூச்சு வாங்குது', 'பேச்சு மூச்சே இல்ல' என்றெல்லாம் தேடினாலும் இனி கிடைக்கும். கைக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். போனே ஒவ்வொரு படியாகச் சொல்லும். 'அப்புறம்' என்றால் அடுத்ததைச் சொல்லும், அதுவரை அதே படியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். 'போதும்' என்றால் நின்றுவிடும்.

அதற்குக் குரல் வேண்டும். செய்தி வாசிக்கிற ஒருவரைப் பிடித்து வந்தார்கள். கேட்டால் கொட்டாவிதான் வருகிறது. நீ பேசேன். தாளைப் பார்த்து ஒப்பிக்காதே. உன் உதவி நர்ஸுக்குப் பக்கத்தில் நின்று சொல்வாயே, அப்படிச் சொல். மெமரி கார்டில் போட்டு அனுப்பு. டாக்டர்கள் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் சேர்ப்போம்.

இந்தச் செயலி எங்கெங்கோ யார் யாருக்கோ உதவட்டும், சந்தோஷம்தான். எனக்கு வேண்டியது நீ அங்கிருந்து கிளம்புவது. அவ்வளவு சுயநலம் எனக்கு உண்டு.

தங்கை


ஜூலை 6

அக்கா,

கார்டு வந்தது, சேர்த்தாயிற்று. நீ பேசப் பேச ஜெனரேட்டர் பின்பாட்டு பாடுகிறது. ஒரு இடத்தில் தும்மியும் இருக்கிறாய். அதை மட்டும் வெட்டினேன். புதுப் போன் அனுப்புகிறேன். எனக்குக் கால் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். வருவாயா என்று இனிமேல் கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டு உன்னை வதைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 21

என் கண்ணுக்கு,

காய்ச்சலில் கிடந்த ஒருவரைப் பார்க்க மேட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வராந்தாவில் ஒரு கணவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறான். உள்ளே குழந்தை பிறந்துவிட்டது, அழவில்லை. உதவி நர்ஸ் மட்டும்தான் இருக்கிறாள். போனில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்: "நல்லா துடை. முதுகைத் தேய்ச்சு விடு."

கதவைத் தள்ளப் போன கை, கண்ணாடி வழியாகப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள். தலையை நேராக வைத்து, முகமூடியைப் பொருத்தி, மூச்சுக் கொடுக்கும் பையை அளவாக அழுத்துகிறாள். நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்கிறாள். என் முகத்தைத் தேடவில்லை. ஒன்று பிசகினாலும் உள்ளே பாய்ந்திருப்பேன். பிசகவில்லை.

அழுதது பார், அப்படி ஒரு அழுகை! வெளியே நின்றவன் என் காலிலேயே விழுந்துவிட்டான். "நான் இல்லப்பா, உள்ள இருக்காங்க, அவங்களைக் கும்பிடு" என்றேன்.

பிறகு அவளிடம் கேட்டேன், போன் உதவியாக இருந்ததா என்று. "முதல்ல என்ன செய்யறதுன்னு தெரியாதப்ப இருந்துச்சு சிஸ்டர். கொஞ்ச நேரத்துல 'போதும்'னு சொல்லி நிறுத்திட்டேன். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தீங்க, தொந்தரவா இருந்துச்சு." சிரித்துவிட்டேன். உள்ளே கொஞ்சம் வலிக்கவும் செய்தது, மறைப்பானேன்? நான் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்று நம்பிக்கொண்டிருந்ததில் எனக்கும் ஒரு சுகம் இருந்திருக்கிறது போல.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி, "உங்க இடத்துல யாரு?" என்றார். அவளைக் காட்டினேன். அவள் தலையாட்டினாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே இருப்பேன். அதுவரை கனமாக எதையும் தூக்காதே. கால் வீக்கத்தோடு தலைவலியோ கண் மங்கலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பு. நீ வராதே. சொன்னால் கேட்க மாட்டாய், வந்து நிற்பாய். நிற்காதேடி, பெஞ்சு இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார். தேடிக்கொண்டு நான் வருகிறேன்.

உன் அக்கா